பண்ணைக் கடலில நிக்கிற கறுப்புக் கொக்கு என்ன இனம்? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ

தீவகத்தாள்:

வணக்கம் எல்லாருக்கும். நான் வேலணை, ஒவ்வொரு நாளும் காலமை ஸ்கூட்டியில பண்ணைப் பாலத்தால யாழ்ப்பாண ரவுணுக்கு வேலைக்குப் போறனான். மாரி தொடங்கினால் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கடலுக்குள்ள குருவியள் நிறைஞ்சுபோய் நிக்கும், வெள்ளைக் கொக்கு, நீர்க்காகம், ஆலா, உள்ளான், அதுகள் சின்னனில இருந்து பாத்துப் பழகினது தான். ஆனா இந்தக் கார்த்திகை பிறந்தாப் பிறகு மண்டைதீவுச் சந்திக்குக் கொஞ்சம் இஞ்சால ஒரு கொக்கு நிக்குது, அது வெள்ளை இல்லை. கடும் சாம்பல், கிட்டத்தட்ட சிலேட்டு நிறம், தொண்டையில மட்டும் வெள்ளையா ஒரு துண்டு. கால் கறுப்பு மாதிரித் தான் தெரியுது ஆனா எழும்பிப் பறக்கேக்கை பாதம் மஞ்சள். மற்றக் கொக்குகள் பேசாமல் தவம் நிக்க இது மட்டும் தண்ணிக்குள்ள ஓடுது, செட்டையை விரிக்குது, சட்டெண்டு திரும்புது, காலால சேத்தைக் கிளறுது, ஒரு இடத்தில நிக்கிற எண்ணமே இல்லை.

அம்மா சொல்லுறா அது எண்ணெய் பட்ட கொக்கு எண்டு, கந்தோரில ஒரு அண்ணை சொல்லுறார் நாரைக் குஞ்சு எண்டு. எனக்கு ரெண்டும் சரியாப் படேல்ல. எண்ணெய் பட்ட குருவி இப்பிடி உசாரா ஓடாது, நாரை எண்டால் இதைவிட எவ்வளவோ உயரம். ஃபோனில எடுத்த படத்தைப் பெருப்பிச்சால் வெறும் புள்ளி தான் தெரியுது அதால போடேல்ல.

இன்னொண்டும் கேக்கோணும். இந்த மாசங்களில இஞ்ச வேற என்ன அரிதான குருவியள் வரும், எங்க போய்ப் பாக்கலாம், கண்டால் ஆருக்குச் சொல்லுறது? பூநாரை பாக்கோணும் எண்டு தம்பி நெடுக ஆய்க்கினை தாறான்.

கல்வியங்காட்டான்:

தங்கச்சி படம் இல்லாட்டிலும் பரவாயில்லை, எழுத்திலயே அடையாளம் முழுக்க இருக்கு. சிலேட்டு உடம்பு, வெள்ளைத் தொண்டை, மஞ்சள் பாதம், ஓடி ஓடி இரை பிடிக்கிற பழக்கம், இவ்வளவும் ஒண்டில சேர்ந்தால் அது கரைக்கொக்கு. பறவைப் புத்தகங்களில வெஸ்டேர்ன் ரீஃப் எக்ரெட் எண்டு தேடுங்கோ. எண்ணெயும் இல்லை நோயும் இல்லை, அதின்ர இயற்கை நிறமே அது தான். மேற்கு ஆபிரிக்காக் கரை, செங்கடல், பாரசீக வளைகுடா, இந்தியக் கரை எண்டு உப்புத்தண்ணியை ஒட்டியே வாழுற இனம், நல்ல தண்ணிக் குளத்துக்கோ வயலுக்கோ லேசில வராது. இலங்கையில எண்டால் மன்னார், யாழ்ப்பாணம், கற்பிட்டிப் பக்கம் தான் காணலாம், அதுவும் குறைவு. கொழும்பில இருந்து கமராவோட வாற ஆக்கள் உங்கட கொக்கைக் கண்டால் வாகனத்தை நிப்பாட்டிப்போட்டு அரை நாள் அதிலயே நிப்பினம்.

இந்த இனத்தில முழு வெள்ளையாயும் இருக்கு, அங்க தான் சிக்கல். எங்கட சின்ன வெள்ளைக் கொக்குக் கூட்டத்துக்குள்ள அது ஒளிஞ்சு நிண்டால் ஒருதருக்கும் தெரியாது. சின்ன வெள்ளைக் கொக்கின்ர சொண்டு கறுப்பு, மெலிசு, நேர். கரைக்கொக்கின்ர சொண்டு மொத்தம், மஞ்சள் கலந்த மண்ணிறம், நுனிப்பக்கம் லேசாக் கீழ வளைஞ்சு இருக்கும். இனிமேல் பாலத்தால போகேக்கை வெள்ளையளின்ர சொண்டையும் ஒருக்காப் பாருங்கோ.

அது இரை பிடிக்கிறதைக் கிட்ட நிண்டு பாக்கோணும். ஒரு காலை முன்னுக்கு நீட்டிப் பாதத்தை மட்டும் நடுக்கும், சேறு கலங்க அடியில கிடந்த சின்ன மீன் வெருண்டு வெளிக்கிடும், அந்த நேரம் பாத்து கழுத்தைப் பின்னுக்கு இழுத்து ஒரே குத்து. மஞ்சள் பாதம் மீனை வெருட்டுறதுக்கு உதவுது எண்டு ஒரு கருத்தும் இருக்கு.

வடலி:

அண்ணை அது அரிவாள் மூக்கனா இருக்கலாம் தானே? எங்கட தென்மராட்சி வயல்களில மழை பெய்தாப் பிறகு கறுப்பு அரிவாள் மூக்கன் கூட்டமா இறங்குது, தூரத்தில பாத்தால் கறுப்புக் கொக்கு எண்டு தான் ஆக்கள் சொல்லுவினம்.

தீவகத்தாள்:

இல்லை வடலி, சொண்டு நேர் தான், அரிவாள் மாதிரி வளைவு இல்லை. பறக்கேக்கை கழுத்தை மடிச்சு உள்ளுக்கு இழுத்துக்கொண்டு போனது. தொண்டை வெள்ளையும் நல்ல வடிவாத் தெரிஞ்சது, இண்டைக்குக் காலமையும் ஸ்கூட்டியை ஓரமா விட்டிட்டுப் பாத்தன். கல்வியங்காட்டு அண்ணை சொன்ன மாதிரி சொண்டு மண்ணிறம் தான்.

கல்வியங்காட்டான்:

அப்ப முடிவு சரி. கழுத்தை மடிச்சது பெரிய தடயம். அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பூநாரை, சங்குவளை நாரை எல்லாம் கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும், கொக்கு குடும்பம் தான் மடிச்சுக்கொண்டு போகும். வானத்தில நிழலுருவத்தைக் கண்டாலே பிரிச்சுச் சொல்லலாம்.

மட்டுவிலான்:

பிள்ளை, பூநாரையைப் பற்றிக் கேட்டனீர், நான் சரசாலைக்குப் பக்கத்து ஊர், வயசு போன மனுசன், தெரிஞ்சதைச் சொல்லுறன். எங்கட பக்கத்தில குருவி பாக்கிறதெண்டால் முதல்ல தண்ணியைப் பாக்கோணும். கலண்டரைப் பாத்து வந்திட்டு ஒண்டும் இல்லை எண்டு திரும்பிப் போன ஆக்களைக் கனபேரைக் கண்டிருக்கிறன். சோளகக் காத்து முடிஞ்சு ஐப்பசியில மழை விழத்துவங்க கடலேரியளில கோடை முழுக்கக் காய்ஞ்சு உப்புப் பூத்துக் கிடந்த தரை நனையும், முதல் கொஞ்ச நாளுக்குச் சேறும் ஒரு விரல் தண்ணியும் தான், அந்த நேரம் உள்ளானுகளுக்குச் சரியான சாப்பாடு. சின்ன உள்ளான் ஊர்க்குருவி அளவு தான், தண்ணி ஒரு அங்குலத்தைத் தாண்டினால் அதின்ர காலுக்கு நிக்கேலாது. கருவால் மூக்கன் கொஞ்சம் ஆழத்தில நிக்கும், நெடுங்கால் உள்ளான் அதைவிட. மழை கூடக் கூட சேறு மூடுப்பட்டு உள்ளான் எல்லாம் வேற கரைக்கு மாறிப்போகும், அந்த இடத்துக்குத் தாரா வரும். ஊசிவால் தாரா, நீலச்சிறகி, தட்டைச் சொண்டன் எல்லாம் சைபீரியா மாதிரிக் குளிர் நாடுகளில இருந்து வாறதுகள். விளக்கீட்டுக்கும் தைப்பொங்கலுக்கும் இடையில தான் தாராக் கூட்டம் திறமாத் திரளும்.

பூநாரைக்கு நல்ல பரந்த பரவைக்கடல் வேணும், ஆக்கள் கிட்ட வராத இடம் வேணும். நாகர்கோவில் பக்கமும் சுண்டிக்குளமும் தான் பேர்போன இடம். சுண்டிக்குளம் 1938 இலயே பறவைகள் சரணாலயமா அறிவிச்சது, 2015 இல தேசிய பூங்காவா மாத்தினவை. சில வருசம் அரியாலை, மண்டைதீவுப் பக்கமும் இறங்கும், எல்லாம் தண்ணி ஆழத்தைப் பொறுத்தது. தம்பியிட்டச் சொல்லுங்கோ, எல்லாம் ரோசாவா இருக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு வரவேண்டாம், இளசுகள் சாம்பலும் அழுக்கு வெள்ளையுமாத் தான் இருக்கும். தலையைக் கவிழ்த்துச் சொண்டைத் தலைகீழா வைச்சுத் தண்ணியை வடிச்சுத் தின்னும், அந்தச் சின்னக் கூனியிலயும் பாசியிலயும் இருக்கிற நிறப்பொருள் தான் வருசக்கணக்கில சேர்ந்து செட்டைக்கு நிறம் குடுக்கிறது.

சரசாலைக் குருவிக்காட்டுக்கும் ஒருக்கா வாங்கோ. பொழுதுபடேக்கை கண்டலுக்குள்ள அடையிறதுக்கு வாற கூட்டத்தை ரோட்டுக்கரையில நிண்டே பாக்கலாம். ஆனா உள்ளுக்கு இறங்கக் கூடாது, மாரியில தான் கொக்கும் நீர்க்காகமும் நாரையும் கூடு கட்டுற காலம். தாய் எழும்பினால் காகம் பாத்துக்கொண்டே இருக்கும், முட்டை மிஞ்சாது.

வங்காலை:

மன்னாரில இருந்து எழுதுறன். கரைக்கொக்கு இஞ்ச எங்கட ஆக்களுக்கு அவ்வளவு புதினம் இல்லை, ஆனா பண்ணையில நிக்கிறது கேக்கச் சந்தோசம். அரிதானது எண்டு கேட்டீங்கள், எங்கட பக்கத்து ராசா நண்டுண்ணி தான். வெள்ளை உடம்பு, முதுகில கறுப்பு, சொண்டு கறுத்து மொத்தமா பலமா இருக்கும், ஒரு நண்டைத் தூக்கினால் காலைக் கழட்டிப்போட்டுத் தான் விழுங்கும். ராமர் அணை மணல் திட்டியளில கொஞ்சச் சோடி முட்டையும் இடுது, மணலுக்குள்ள பொந்து கிண்டி அதுக்குள்ள ஒரே ஒரு முட்டை. உள்ளான் சாதியில இப்பிடிப் பொந்துக்குள்ள அடைகாக்கிறது வேற இல்லை. வங்காலைச் சரணாலயம் 2008 இல அறிவிச்சு 2010 இல ராம்சார் தலமா, அதாவது உலக அளவில முக்கியமான ஈரநிலமா ஏற்றுக்கொண்டது, தள்ளாடிப் பக்க ரோட்டில நிண்டே கனக்கப் பாக்கலாம்.

அப்பிடியே இன்னொரு விசயம், இந்தக் குருவியள் எவ்வளவு தூரம் போய் வருது எண்டது இப்ப தான் சரியாத் தெரிய வருது. கொழும்புப் பல்கலைக்கழக ஆக்கள் 2021 இல மன்னாரில பிடிச்சு முதுகில ஜீபீஎஸ் கருவி பூட்டி விட்ட ஒரு ஹியூக்லின் கடற்காகம், மேகா எண்டு பேர் வைச்சவை, அது ரஷ்யாவின்ர வடக்கில ஆர்க்டிக் ஓரத்தில இருக்கிற யமால் தீபகற்பத்துக்குப் போய் முட்டையிடுற காலத்தை அங்க கழிச்சிட்டு திரும்ப மன்னாருக்கே வந்தது. மீன் வாடியடியில மீன் குடல் பொறுக்கிக்கொண்டு நிக்கிற கடற்காகத்துக்கு அப்பிடியொரு பயணம். அதை அறிஞ்சாப் பிறகு நான் வாடியடியில கல்லெறியிற பெடியளைக் கண்டால் நிப்பாட்டி இந்தக் கதையைச் சொல்லாமல் போறதில்லை.

வடமராட்சி ரீச்சர்:

நல்ல திரி இது. நான் ஒரு விசயம் சொல்லோணும், இஞ்ச ஆக்கள் அரிது அரிது எண்டு தூரத்தில தேடுகினம், எங்கட வளவுக்குள்ள நிக்கிறதுகளே இந்த நாட்டில மற்ற இடத்து ஆக்களுக்கு அரிது எண்டது தெரியாமல். கௌதாரி, அது வடக்கிலயும் வடமேற்கிலயும் வறண்ட கரையோரத்தில மட்டும் தான். கழுத்துக்குப் பின்னால கறுப்புக் கோடு போட்ட வெளிர் சாம்பல் புறா, கரண்ட் கம்பியில நெடுக இருக்கிறது, அதுவும் மன்னார் யாழ்ப்பாணம் தாண்டினால் லேசில காணக்கிடையாது. மாட்டுக்கு மேல குந்தியிருக்கிற இரட்டைவால் குருவியும் அப்பிடித்தான், நீள வால் கீச்சானும் அப்பிடித்தான். இலங்கைக்கே உரிய இனங்கள் 30 க்கு மேல இருக்கு, அதில அனேகம் சிங்கராஜா மாதிரி ஈரவலயக் காட்டில, அதால வடக்கில பாக்க ஒண்டும் இல்லை எண்டு எங்கட பிள்ளையளே நினைக்குதுகள். வடக்கின்ர குருவியள் இந்தியாவின்ர தென்கரையோட சேர்ந்த கூட்டம், தரையும் அதே தரை, காலநிலையும் அதே மாதிரி. பாக்குநீரிணைக்கு அங்கால கோடியக்கரை, 1967 இல இருந்து சரணாலயம், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கனகாலமா குருவியளுக்குக் காலில வளையம் போடுற இடம். ஆகையால் உள்ளானைப் பாக்கேக்கை காலையும் கவனியுங்கோ, வளையமோ நிறக் கொடியோ கண்டால் எந்தக் காலில, முழங்காலுக்கு மேலயா கீழயா, என்ன நிறம், என்ன எழுத்து எண்டு அப்பவே குறிச்சு வையுங்கோ.

போர்க்காலத்தில இஞ்ச ஒழுங்காக் குருவி எண்ணுறதுக்கு வழியே இருக்கேல்ல. தெற்கில எழுதின அளவுக்கு எங்கட கடலேரியளைப் பற்றி எழுத்து இல்லை. 2009 க்குப் பிறகு தான் பல்கலைக்கழகப் பிள்ளையளும் வெளி ஆக்களும் சுதந்திரமாப் போய்ப் பாக்கத் தொடங்கினது. அந்த இடைவெளியை நிரப்ப இப்ப எழுதிற ஒவ்வொரு குறிப்பும் வேணும், ஒரு கறுப்புக் கொக்கு எண்டாலும், அதைத் திகதியோட எழுதோணும்.

மற்றது, புயல் அடிச்சால் கடலுக்கு நடுவில வாழுற குருவியள் கரைக்கு ஒதுங்கும். 2008 நிஷா, 2020 புரெவி மாதிரிக் காத்து வந்து ஓய்ஞ்ச அடுத்த நாள் கரையோரத்தைப் பாக்கிறது நல்லது, கறுத்த முதுகு ஆலா மாதிரியான ஆழ்கடல் குருவியள் களைச்சு மணலில கிடக்கும்.

நல்லூர்க்காரி:

இடையில வாறன், மன்னிக்கோணும். போன கிழமை மழை இரவு எங்கட விறாந்தைக்குள்ள பச்சையும் நீலமும் வயித்தில சிவப்புமா ஒரு குட்டை வால் குருவி வந்து விழுந்து கிடந்தது, கண்ணில கறுப்புப் பட்டை. பூனை பிடிக்க முதல் எடுத்து ஒரு கூடைக்குள்ள வைச்சுத் தண்ணி பருக்கினன், காலமை பறந்து போட்டுது. இது என்ன? அபூர்வமோ?

கல்வியங்காட்டான்:

அக்கா அது ஆறுமணிக்குருவி. அபூர்வம் இல்லை, ஒவ்வொரு வருசமும் வாறது, ஆனா கையில கிடைச்சது அதிர்ஷ்டம். இமயமலை அடிவாரத்திலயும் நடு இந்தியாவிலயும் கோடையில குஞ்சு பொரிச்சிட்டு புரட்டாதி ஐப்பசியில இஞ்ச வருது, சித்திரை மட்டும் நிக்கும். இரவில பறந்து வாற குருவி, கடலைத் தாண்டினவுடன களைச்சுப்போய்க் கரையில கண்ட முதல் வெளிச்சத்துக்கு வந்து சுவரிலயோ கண்ணாடியிலயோ அடிபட்டு விழும். மூடின இரவில தான் கூட. அடுத்த முறை கிடைச்சால் காத்துப் போறதுக்கு ஓட்டை போட்ட ஒரு காட்போட் பெட்டிக்குள்ள துணி விரிச்சு இருட்டில சத்தமில்லாமல் வையுங்கோ, அது தான் அதுக்கு மருந்து. தண்ணியைச் சொண்டுக்குள்ள விடாதேங்கோ, மூச்சுக்குழலுக்குப் போனால் செத்துப்போகும். தெளிஞ்சாப் பிறகு பத்தையுள்ள இடத்தில விடுங்கோ, வெட்டவெளியில விட்டால் காகம் விடாது. செட்டை முறிஞ்சிருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின்ர 1992 க்கு அடியுங்கோ.

வடலி:

நான் ஒரு முறைப்பாடு சொல்லோணும். போன வருசம் பூநாரை கூட்டமா இறங்கின நேரம் ஆரோ ட்ரோன் விட்டவை, வீடியோ எடுக்கிறதுக்கு. ட்ரோன் கீழ வர வர முழுக் கூட்டமும் எழும்பி எழும்பி இருந்தது, கடைசியா அடுத்த நாள் ஒண்டும் இல்லை. அவ்வளவு தூரம் பறந்து வந்த குருவிக்கு இஞ்ச வந்தால் தின்னவும் உறங்கவும் தான் நேரம் வேணும், ஒவ்வொரு தரமும் எழும்பேக்கை சேத்து வைச்ச கொழுப்புத் தான் கரையுது. படம் வேணுமெண்டால் தூர லென்ஸ் இருக்கு, இல்லாட்டில் கண்ணால பாத்திட்டு வாங்கோ. ட்ரோனைவிட மோசம் தங்கூசி வலை, மெல்லிய நைலோன் நூல் வலை. இரவில சேத்துக் கரையில குறுக்க கட்டிப்போட்டு விடிய உள்ளானையும் தாராவையும் கழட்டி விக்கிறவை இப்பவும் இருக்கினம். 1937 இல இருந்து சட்டம் இருக்கு, ஆனா ஊர் ஆக்கள் சொல்லாட்டில் சட்டம் தானா வந்து வலையை அவிழ்க்காது.

மட்டுவிலான்:

வடலி சொல்லுறது முழுக்கச் சரி. எங்கட பக்கத்தில வலை கண்டால் இப்ப இளந்தாரிப் பெடியளே போய் அறுத்துப்போட்டு அறிவிக்கினம். அதால தான் குருவிக்காடு இன்னும் குருவிக்காடா இருக்கு.

தீவகத்தாள்:

எல்லாருக்கும் கனக்க நன்றி. கரைக்கொக்கு எண்ட பேரை அம்மாவுக்குச் சொன்னன், இப்ப அவவும் வேலணையில மீன் வாங்கப் போகேக்கை கரையைப் பாக்கிறா. ஐயா சொன்ன தண்ணி ஆழக் கணக்கு எனக்கு நல்லா விளங்கினது, பண்ணையிலயே பாலத்தின்ர ஒரு பக்கம் உள்ளான் நிறைய மற்றப் பக்கம் ஒண்டும் இல்லாததுக்குக் காரணம் இது தான் போல. நான் கேட்ட கடைசிக் கேள்விக்கு மறுமொழி வரேல்ல, எங்க பதியிறது?

கல்வியங்காட்டான்:

ஈபேர்ட் எண்டு ஒரு ஆப் இருக்கு, அமெரிக்காவின்ர கோர்னெல் பல்கலைக்கழகத்தின்ர பறவை ஆய்வுகூடம் நடத்துறது, காசில்லை. நிண்ட இடம், நேரம், எவ்வளவு நேரம் பாத்தது, என்னென்ன எத்தனை எண்டு எழுதோணும். அரிதான இனம் எண்டால் அது விளக்கம் கேக்கும், நீங்கள் முதல் பதிவில எழுதினதை அப்பிடியே போடுங்கோ, படம் இல்லாட்டிலும் அந்த விளக்கம் காணும். காகம், கொக்கு எண்டு விட்டிடாமல் கண்ட எல்லாத்தையும் எழுதுங்கோ, வராத வருசம் தெரியிறதுக்கு வந்த வருசத்துக் கணக்கு வேணும். கூடு கட்டுற இடத்தை மட்டும் பொதுவில போடாதேங்கோ. ஜனவரியில ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வரும், எண்ணத் தெரிஞ்ச ஆக்கள் எப்பவும் காணாது, விருப்பமெண்டால் பேர் தாங்கோ.

ஞாயிறு விடிய ஆறரைக்கு நான் மண்டைதீவுச் சந்தியில ஸ்கோப்போட நிப்பன். தம்பியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. மழை இறுக்கினால் அடுத்த ஞாயிறு.

வடலி:

நானும் வாறன். சாவகச்சேரியில இருந்து வெளிக்கிட ஆரும் இருந்தால் சொல்லுங்கோ, மோட்டார் சைக்கிளில ஒரு இடம் இருக்கு.